வின் ரேட்டைப் பார்த்துக் கேரக்டரில் கை வைப்பவர்களுக்கு

வீடியோ கேமில் கேரக்டர்களின் பலத்தைச் சமன் செய்யும் பேலன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வின் ரேட் (வெற்றி விகிதம்) அட்டவணையைத் திறந்ததுமே, மேலே நிற்கும் கேரக்டரை வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். இருபது மேட்சை வைத்து முடிவு கட்டுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எடுக்கவில்லை.

ஆடியது யார் என்று பார்க்காதது

நான் வேலை செய்த ஒரு சண்டை விளையாட்டில் ஈட்டிக்காரி என்று ஒரு கேரக்டர். வின் ரேட் சற்று உயர்ந்து நின்றது. அவளுடைய நீளக் குத்தின் டேமேஜைக் குறைத்தோம். அடுத்த பேட்சுக்கு (விளையாட்டின் புதுப்பிப்புக்கு) முன் பார்த்தால் வின் ரேட் ஏறியிருந்தது. மறுபடி குறைத்தோம், மறுபடி ஏறியது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அவளையே தினமும் ஆடும் கைதேர்ந்தவர்கள் 1,000 மேட்சில் 60% ஜெயிக்கிறார்கள். புதியவர்கள் 1,000 மேட்சில் 44%. மொத்தம் 52%. நெர்ஃப் செய்ததும், அதாவது பலத்தைக் குறைத்ததும், இரு தரப்புக்கும் 3 புள்ளி இறங்குகிறது: 57%, 41%. ஆனால் புதியவர்கள் வெறுத்துப்போய் விலக, அவர்களுடைய மேட்ச் 200 ஆகச் சுருங்குகிறது. இப்போது மொத்தம் 54%க்கு மேல்! கேரக்டர் பலவீனமானது, எண் மட்டும் உயர்ந்தது.

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. டேமேஜைத் திருப்பிக் கொடுத்தோம். போன புதியவர்களில் பலர் திரும்பவே இல்லை.

அப்புறம்தான் பார்க்கும் முறையை மாற்றினோம். ஒரே ஆட்டக்காரர் இந்தக் கேரக்டரில் எப்படி, மற்றவற்றில் எப்படி என்று ஒப்பிட வேண்டும். ஆட்டக்காரரின் திறமைப் புள்ளியான ரேட்டிங்படி எதிர்பார்த்த வெற்றியையும் கழிக்க வேண்டும். எலோ என்ற ரேட்டிங் கணக்கில் எதிராளியைவிட 200 புள்ளி கூடுதலாக இருப்பவர் எந்தக் கேரக்டரை எடுத்தாலும் ஏறக்குறைய 76% ஜெயிப்பார். அந்தக் கேரக்டரில் எத்தனை மேட்ச் ஆடிய அனுபவம் என்பதையும் பிரித்து வையுங்கள்.

எல்லா ராங்கையும் ஒரே குவியலாக்குவது

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் கேரக்டரான அஸிர் சாதாரண மேட்ச்களில் பல பேட்ச்களில் 50%க்குக் கீழே கிடந்தபடியே, தொழில்முறைப் போட்டிகளில் விரும்பி எடுக்கப்பட்டவன். அந்த விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட பேலன்ஸ் வரையறை சாதாரணம், திறமை, உச்சம், தொழில்முறை என நான்கு மட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்தது இதனால்தான்.

50% என்றால் சரி என்று விடுவது

ஒருவர் ஒரே கேரக்டரை ஆடினால், சம திறமை உள்ளவர்களை மோதவிடும் மேட்ச்மேக்கிங் அவரை 50% பக்கம் இழுத்துவிடும். கேரக்டரின் பலம் அவருடைய ராங்கில் ஒளிந்துகொள்ளும்.

மிரர் மேட்சைச் சேர்ப்பது

இருவரும் ஒரே கேரக்டரை ஆடும் மேட்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எப்போதும் 50% தான்.