அடுத்த கிடார் வாங்குமுன் கையிலிருக்கும் கிடாரைக் கேளுங்கள்

சென்னையில் என் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு காலையில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் யாராவது ஒரு அம்மா வாசலில் நின்று கேட்பார்: "மிஸ், இந்த கிடார் போதுமா, இல்ல நல்லதா ஒண்ணு வாங்கிடலாமா?"

எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். ஒரு மாதம் பொறுங்கள். ஒரு நோட்டை எடுத்து, கையிலிருக்கும் கிடாரில் என்னென்ன தொல்லை என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். கம்பி மாற்றி, செட்டப் (கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு போன்றவற்றைச் சரிசெய்வது) செய்தால் அந்தப் பட்டியலில் பாதி காணாமல் போய்விடும். அதற்குப் பிறகும் எது நிற்கிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த கிடாரைத் தேட வேண்டும்.

நானும் இப்படித்தான் என் கிடாருக்கு வந்து சேர்ந்தேன். பாளையங்கோட்டையில் அண்ணன் வாசித்த பழைய ஸ்டீல் கம்பி கிடார்தான் எனக்கு முதல் கிடார். அதன் பெயர் லேபிள் எப்போதோ உரிந்துபோயிருந்தது. அதைப் பற்றி நான் எழுதிய குறைகள் நான்கு: ஆள்காட்டி விரலால் எல்லா கம்பிகளையும் அழுத்தும் எஃப் கார்டு பிடித்தால் அந்த விரல் மரத்துப்போகிறது, மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) சுருதி சேரவில்லை, அரை மணி நேரம் வாசித்தால் வலது தோள் வலிக்கிறது, நான் பாடும்போது கிடாரின் பேஸ் என் குரலை மூடிவிடுகிறது. முதல் இரண்டும் செட்டப்பில் சரியாகிவிட்டன. மற்ற இரண்டும் அந்த கிடாரின் உடலோடு பிறந்தவை.

சரி, இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதலில் ஆக்‌ஷன், அதாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரம். ஸ்டீல் கம்பி கிடாரில் 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் போதும். அளக்கக் கருவி இல்லையா? எண்கள் புடைக்காத ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. மூன்று கார்டுகளை அடுக்கினால் ஏறக்குறைய 2.3. ஆறாவது கம்பிக்கு அடியில் மூன்று கார்டுகளும் சற்றே இடம்விட்டு நுழைந்தால் நல்லது. நான்கு கார்டுகள் தாராளமாகப் போனால் பிள்ளையின் விரல் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கடையிலும் இதைச் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து எஃப் கார்டு. பாதிப் பேர் கிடாரை மூலையில் சாய்த்து வைப்பது இந்தக் கார்டில்தான். கை பழகவில்லையா, கிடார் சரியில்லையா என்று கண்டுபிடிக்க முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று எளிதாகிவிட்டால் குறை நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு பட்டையில் இருக்கிறது. கம்பி உட்காரும் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர் சிறு அரத்தால் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடுவார். கேப்போ போட்டும் அதே கஷ்டம்தான் என்றால் இன்னும் சில வாரம் பயிற்சி தேவை. இந்தச் சின்ன சோதனையைச் செய்யாமல் "எனக்குக் கை சின்னது, கிடார் வராது" என்று விட்டுப்போன பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கழுத்தையும் பாருங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், மெல்லிய விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிரும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகி இதைச் சரிசெய்யலாம், ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். ஆக்‌ஷனைக் குறைக்க டிரஸ் ராடைத் திருகச் சொல்பவரிடம் கிடாரைக் கொடுக்காதீர்கள். அந்த வேலை சேடிலில், அதாவது உடல் பக்கம் கம்பிகள் தங்கும் மெல்லிய பட்டையில் நடக்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க, சேடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டியிருக்கும்.

சுருதிக்கு: 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மானிக் (மணி போன்ற மெல்லிய ஒலி) எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். போனில் இருக்கும் ட்யூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது கூடுதலாக வந்தால் ஆக்‌ஷன் உயரமாக இருக்கலாம், கம்பி கிழடாகியும் இருக்கலாம். அதனால் முதலில் புதுக் கம்பி போட்டுவிட்டு அளந்து பாருங்கள். சென்னை வியர்வைக்கு சாதாரண வெண்கலக் கம்பி சில வாரத்திலேயே கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைப்பது நல்ல பழக்கம். பூச்சு பூசிய கம்பி விலை கூட, ஆனால் நம் ஊரில் அந்தக் காசு வீண்போகாது.

கம்பியின் தடிமனையும் மாற்றிப் பார்க்கலாம். அக்கௌஸ்டிக் கிடார்களில் அதிகம் போடப்படுவது 12-53 செட் (முதல் கம்பி 0.012 அங்குலம், ஆறாவது 0.053 அங்குலத் தடிமன்). ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். 11-52 போட்டால் விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். இழுப்பு குறைவதால் கழுத்து லேசாகப் பின்னால் போய்ச் சில கம்பிகள் அதிரலாம், அப்போது மறுபடி டிரஸ் ராட். கிளாசிகல் கிடாரில் மட்டும் ஸ்டீல் கம்பி போடவே போடாதீர்கள். நைலான் கம்பிகளின் மொத்த இழுப்பு 40 கிலோ அளவுதான். அதற்காகச் செய்த பிரிட்ஜ் (கம்பிகளைக் கட்டும், மேல்பலகையில் ஒட்டிய மரக்கட்டை) ஸ்டீலின் இழுப்பில் பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

இதெல்லாம் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. முடித்துவிட்டு ஒரு மாதம் வாசியுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, தீர்ந்த குறைகளை அடித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பவற்றில் எனக்கு முதலில் புரிந்தது தோள்வலி. அண்ணனின் கிடார் டிரெட்நாட் வடிவம். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1916-இல் வேறொரு கடைக்காக முதலில் செய்து கொடுத்த பெரிய உடல் அது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை வைத்தார்கள். இடுப்பு அகலம், உடல் ஆழம், பேஸ் அதிகம். நின்று ஸ்ட்ரம் செய்து கூட்டத்தைப் பாட வைக்க அருமையான கிடார். என்னைப் போலக் குட்டையானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதன்மேல் கையைப் போட்டால் தோள் காதுவரை ஏறிவிடும். கான்செர்ட், ஓஎம் போன்ற சிறிய உடல்களில் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் கிடார் மடியில் நன்றாக உட்காரும். பேஸும் அடங்கும். என் குரலை மூடிக்கொண்டிருந்த குறையும் அத்தோடு தீர்ந்தது.

இரண்டாவது, ஸ்கேல் நீளம். நட்டிலிருந்து சேடில்வரை கம்பி அதிரும் நீளம் இது. கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். சிறிய கைக்கு இதைவிட முக்கியமான எண் இல்லை என்பது என் கருத்து. யமஹாவின் எஃப்ஜி800 மாடலில் 650 மி.மீ., அதே வரிசையின் சிறிய உடலான எஃப்எஸ்800-இல் 634 மி.மீ. பதினாறு மி.மீ. பெரிதா என்று தோன்றும். முதல் நான்கு ஃப்ரெட்டுகளின் விரிவு மட்டும் 3 மி.மீ.க்கு மேல் சுருங்குகிறது, அதே கம்பியின் இழுப்பும் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. சுண்டுவிரல் எட்டாத கார்டுகள் எனக்கு எட்டியது இந்த 3 மி.மீ.யால்தான்.

மூன்றாவது, எந்தப் பாட்டு. விரலால் மீட்டி ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிப்பவருக்கு கம்பிகளுக்கு நடுவில் இடம் வேண்டும். நட்டின் அகலத்தைக் கேளுங்கள். ஸ்டீல் கிடார்களில் 43 மி.மீ. அளவிலும், கிளாசிகலில் 52 மி.மீ. அளவிலும் இருக்கும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு எழுதப்போகிறவர்கள் கிளாசிகலா அக்கௌஸ்டிக்கா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பாடத்திட்டம் தனித்தனி. எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு முக்கால் அளவு நைலான் கம்பி கிடார்தான் சரி. வளர்ந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய சட்டை எடுக்கிற பழக்கத்தில் முழு அளவு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மரத்தைப் பற்றி நிறைய பேசலாம், எனக்கும் ஆசைதான். நம் நீலகிரி, வயநாடு மலைகளில் வளரும் ஈட்டி மரம் உலகம் முழுவதும் விலையுயர்ந்த கிடார்களின் முதுகாகவும் பக்கமாகவும் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானதால் 1969-இல் மார்ட்டின் தன் டி-28 மாடலுக்கு இந்த மரத்துக்கு மாறியது. அதை முதன்முதலில் கடையில் தொட்டுப் பார்த்தபோது ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. ஆனாலும் குறைந்த பட்ஜெட்டில் முதுகு எந்த மரம் என்று கவலைப்படாதீர்கள். மேல்பலகை சாலிட் மரமா, ஒட்டுப்பலகையா என்று பாருங்கள், சத்தத்தில் அதுதான் அதிகம் பேசும். சவுண்ட்ஹோலின் (நடுவிலுள்ள வட்டத் துளை) விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரியும்: மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் சாலிட். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

கடைக்குப் போகும் நாள் கூட்டம் இல்லாத நாளாக இருக்கட்டும். அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிறது. உங்கள் ஊரிலும் வாசித்துப் பார்க்க விடுகிற கடை ஒன்று இருக்கும். உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடான ஒரே பாட்டை எல்லா கிடாரிலும் வாசியுங்கள். வேகமான ஏதாவது வாசித்துக் காட்டத் தோன்றும், வேண்டாம். மெதுவாகவும் ஓங்கியும், உட்கார்ந்தும் நின்றும் வாசித்துப் பாருங்கள். பாடுகிறவர் என்றால் வெட்கப்படாமல் பாடியே பாருங்கள். கூட வந்தவரிடம் கொடுத்து, எதிரே நின்று கேளுங்கள். கிடாரின் சத்தம் முன்னால்தான் போகிறது, வாசிப்பவர் காதுக்கு அது முழுதாக வருவதில்லை. ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மரம் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. ஒவ்வொரு கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒரு தடவை வாசித்து, எங்காவது அதிர்கிறதா என்று கேளுங்கள். பழைய கிடார் என்றால் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, வாங்காதீர்கள்.

இப்படித் தேடித்தான் எஃப்எஸ்800-க்கு வந்தேன். அதைவிடப் பெரிய விலைக்கு வாசித்துப் பார்த்தவை உண்டு, அழகாகவும் பேசின. என் நோட்டில் இருந்த தோள்வலிக்கும் குரலுக்கும் இதுதான் பதில் சொன்னது. சர்ச்சில் மைக் வைத்தே சமாளிக்க முடிவதால் பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) உள்ளதுதான் வேண்டும் என்று நான் தேடவில்லை. மேடையில் டிரம்ஸோடு வாசிப்பவர் முதலிலேயே பிக்கப் பொருத்திய எலெக்ட்ரோ அக்கௌஸ்டிக் வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று. கிடார் கம்பெனிகள் மரத்தைக் காயவைப்பது காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப. சென்னையில் காற்றின் ஈரம் பெரும்பாலும் 70-ஐத் தாண்டித்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலிட் மேல்பலகை ஊதி, பிரிட்ஜ் உயர்ந்து, ஆக்‌ஷன் ஏறும். பயந்துபோய் அப்போதே சேடிலைத் தேய்த்துவிடாதீர்கள். தை மாதம் பலகை அடங்கியதும் கம்பிகள் ஃப்ரெட்டில் பட்டு அதிரும். கிடாரை உறையில் மூடி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் போட்டு வையுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். புது கிடாரின் முதல் முழு செட்டப்பை, அது ஒரு மழைக்காலத்தைப் பார்த்து முடித்தபிறகு பிப்ரவரி வாக்கில் செய்துகொள்ளுங்கள்.