கடப்புறத்துல நினைவுச்சிலை வைக்கப்போறீங்களா, இதப் பாத்துட்டு ஆரம்பிங்க

மக்களே, சுனாமி வந்து 20 வருஷம் தாண்டிருச்சு, ஒக்கி புயலும் வந்துட்டுப் போயிருச்சு, இன்னும் நம்ம குமரி மாவட்டத்துல எதாவது ஒரு கடலோர ஊருல நினைவுச்சின்னம் வைக்கணும்ங்கற பேச்சு ஓடிக்கிட்டேதான் இருக்கு. பணம் பிரிக்குறதுக்கு முன்னாடி, சிற்பிக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி, மொதல்ல பேரு எடுங்க. சிலை எவ்வளவு அழகா இருந்தாலும் டிசம்பர் 26 அன்னைக்கு வர்ற ஒரு அம்மா தேடுறது தன் பிள்ளையோட பேரத்தான்.

பேரு எடுக்குறது லேசுப்பட்ட வேலை கெடையாது. நம்ம ஊருகள்ல அந்தோணி, சேவியர், மேரின்னு ஒரே பேரு பல பேருக்கு இருக்கும், அதனால அப்பா பேரும் வயசும் சேத்தே எழுதுங்க. பங்கு அலுவலகப் (ஊர் கத்தோலிக்க ஆலய அலுவலகம்) பதிவேட்ட மட்டும் வச்சு முடிச்சுராதீங்க, 2004-ல சுனாமி வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை வேற, சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்க, இன்னும் ஞானஸ்நானம் குடுக்காத கைக்குழந்தை, வெளியூர்ல இருந்து மீன் எடுக்க வந்தவங்க, இவங்க பேரெல்லாம் விட்டுப்போக வாய்ப்பு இருக்கு. அன்பியம் அன்பியமா (பங்குல இருக்குற சின்னச் சின்ன குடும்பக் குழுக்கள்) உக்காந்து லிஸ்ட்ட சத்தமா வாசிங்க, யாராவது ஒரு பாட்டி "அந்தப் பயல விட்டுட்டியளே"ன்னு சொல்லுவாங்க, அதுக்குத்தான் வாசிக்கச் சொல்றேன். ஒரே வீட்டுல மூணு பேரு போயிருந்தா அகர வரிசையில பிரிச்சுப் போடாம பக்கத்துல பக்கத்துல போடுங்க. கடைசியா எழுத்துப்பிழை பாத்து அந்தந்த வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிருங்க, கல்லுல வெட்டுன பெறகு ன-வ ண-வா மாத்த முடியாது.

2017 ஒக்கில போனவங்க பேரையும் சேக்குறதா இருந்தா இன்னும் பொறுமையா போகணும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமெல்லாம் உடல் கெடைக்காமப் போன குடும்பங்க இருக்கு, அந்த வீட்டுல சம்மதம் சொல்லாம பேர வெட்டக்கூடாது. கல்லுல இடம் விட்டு வைங்க, அவங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப வெட்டிக்கலாம், அவசரப்படுத்த நமக்கு உரிமை கெடையாது.

அடுத்து உருவம். கன்னியாகுமரில இருக்குற சுனாமி நினைவுச்சின்னத்தப் போய் நின்னு பாருங்க, ஒரு கை அலையத் தடுக்குது, இன்னொரு கை வெளக்கக் காக்குது. ரெண்டே கைதான், ஆனா போனவங்களுக்கான துக்கமும் இருக்குறவங்க எழுந்து நின்னதும் ரெண்டுமே அதுல வந்துருது. குளச்சல்ல 1741-ல டச்சுக்காரங்கள மார்த்தாண்ட வர்மா படை ஜெயிச்சதுக்கு நிக்கிற தூணையும் பாருங்க, ஒத்தத் தூண், அவ்வளவு சுருக்கம். என்னோட கருத்து, மனுஷ முகம் வேண்டாம். சிமெண்ட்ல செய்யுற முகம் பெரும்பாலும் யாரு மாதிரியும் இருக்காது, பாக்குற குடும்பத்துக்கு அது வேதனை. பெரிய அலை உருவமும் எல்லா ஊருக்கும் ஒத்துவராது, தினமும் அந்த வழியா தண்ணி எடுக்கப் போற பொம்பளைங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அதே கடல்ல மறுபடி தொழிலுக்கு எறங்குனாங்க பாருங்க, அந்த தைரியத்தச் சொல்ல ஒரு வள்ளம், ஒரு துடுப்பு, ஒரு வெளக்கு போதும்.

இடம் விஷயத்துல ஏமாந்துராதீங்க. பொது ரோட்டுலயும் நடைபாதையிலயும் சிலை வைக்க அனுமதி குடுக்கக்கூடாதுன்னு 2013 ஜனவரில சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. கடல் பக்கத்துல கட்டணும்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் வரும். அதனால பட்டா இருக்குற ஆலய வளாகமோ கல்லறைத்தோட்டமோதான் நல்லது, அப்பவும் பஞ்சாயத்துலயும் கலெக்டர் ஆபீஸ்லயும் எழுத்துல கேட்டுட்டே கல்லு எறக்குங்க. கடலரிப்பு இருக்குற எடம்னா தடுப்புச்சுவருக்கு நல்லா உள்ள தள்ளி வைங்க.

பொருள் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம உப்புக்காத்து சாதாரண கம்பிய சும்மா விடாது. துரு பிடிச்சா கம்பி வீங்கும், வீங்குனா மேல இருக்குற சிமெண்ட வெடிச்சுத் தள்ளும், கல்லுக்குள்ள சாதா இரும்பு க்ளாம்ப் போட்டாலும் இதே கதிதான். காங்கிரீட் பீடம்னா கடல் சாரல் அடிக்கிற எடத்துக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்றபடி கொறஞ்சது எம்35 தரக் காங்கிரீட், கம்பிக்கு மேல 50 மில்லிமீட்டர் கவர், அதாவது அவ்வளவு கனத்துக்கு காங்கிரீட் மூடி இருக்கணும், இத கொத்தனார்கிட்ட வாயால சொல்லாம எழுதிக் குடுங்க. கடல் மணலோ உவர் தண்ணியோ பக்கத்துலயே வரக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா 304 ரகம் வேண்டாம், கடப்புறத்துல அது பழுப்புக் கறை பிடிச்சுரும், 316 கேளுங்க. முடிஞ்சா கருங்கல்லுக்கே போயிருங்க, மயிலாடில கல் வேலை தெரிஞ்ச சிற்பிங்க நம்ம மாவட்டத்துலயே இருக்காங்க, திருப்பதிக்கே வெளியில இருந்து லட்டு வாங்குற மாதிரி வேற ஊருக்கு எதுக்கு ஆர்டர் குடுக்கணும். கணபதி ஸ்தபதி அமைச்ச 133 அடி திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல தெறந்தது, அஞ்சு வருஷம் ஆகுறதுக்குள்ள சுனாமி வந்தும் பாறை மேல அசையாம நின்னுது, நல்ல கல்லும் நல்ல கணக்கும் சேந்தா என்ன ஆகும்னு அதுவே சாட்சி.

எழுத்து பெயிண்ட்ல வேண்டாம், ஆழமா வெட்டச் சொல்லுங்க. தமிழ்ல புள்ளிதான் மொதல்ல காணாமப் போகும், அத தனியா சொல்லி ஆழமா போட வைங்க. ஒரு சின்ன பலகையில ரெண்டு பேரு மட்டும் வெட்டி மாதிரி வாங்கி, கண்ணு மங்குன பெரியவங்ககிட்ட காட்டி, நின்னுக்கிட்டே வாசிக்க முடியுதான்னு பாருங்க.

உபயம் யாருங்கறது இறந்தவங்க பேரு இருக்குற கல்லுல வரவே கூடாது, எவ்வளவு பெரிய தொகை குடுத்தாலும் சரி, தெறந்து வைக்கிறது யாரா இருந்தாலும் சரி. பின்னாடி ஓரமா ஒரு சின்னப் பலகை வச்சு அங்க போட்டுக்கோங்க. பணம் குடுக்குறவங்க மனசு வருத்தப்படுவாங்களேன்னு நினைச்சா பணம் வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

பராமரிப்புக்கு மொத பட்ஜெட்லயே பணம் ஒதுக்குங்க. திருவள்ளுவர் சிலைக்கே உப்ப உறிஞ்சி எடுக்க காகிதக்கூழ் பூசி, கழுவி, ரசாயனம் பூசுற வேலை சில வருஷத்துக்கு ஒருக்க நடக்குது. நம்மளது சின்னதுதான், நல்ல தண்ணியும் நார் பிரஷும் போதும், மாசம் ஒருக்க. டைல்ஸ் கழுவுற ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, ஸ்டீலையும் கல் இணைப்பையும் அரிச்சுரும். மெழுகு உருகி எழுத்துல எறங்காம இருக்க, மணல் போட்ட தொட்டி ஒண்ணு தள்ளி வச்சு மெழுகுதிரி அங்க கொளுத்தச் சொல்லுங்க. இந்த வேலைய பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட வகுப்பு வகுப்பா குடுத்தா, 2004-க்குப் பெறகு பெறந்த பிள்ளைங்களும் ஒவ்வொரு பேரா வாசிச்சுக்கிட்டே கழுவும்.

கையெழுத்து வாங்குன பேரு லிஸ்ட், வரைபடம், கல்லு எங்க வாங்குனது, எந்த ஸ்டீல், அனுமதிக் கடிதம் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு ஒரு காப்பி பங்கு அலுவலகத்துலயும் இன்னொண்ணு பஞ்சாயத்துலயும் வைங்க, பங்குத்தந்தையும் தலைவரும் மாறிக்கிட்டே இருப்பாங்க, விட்டு வச்ச எடத்துல பேரு சேக்கச் சொல்லி ஒரு குடும்பம் வர்ற அன்னைக்கு அந்த ஃபைலு கையில இருக்கணும்.