பழைய சைக்கிளில் சரளைப் பாதை: எடையை மட்டும் பார்க்காதீர்கள்

ஏற்காட்டு எஸ்டேட் மண் ரோடுகளில் தாத்தா காலத்து 28 இஞ்ச் சைக்கிளை ஓட்டலாமா என்று சேலத்தில் யார் கேட்டாலும், கூடவே "ஆனா செம வெயிட்டுங்க" என்பார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. 20 கிலோ வண்டிக்கும் 12 கிலோ வண்டிக்கும் வித்தியாசம் 8 கிலோ. 65 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால் மொத்த எடையில் அது பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஸ்டாண்டையும் கேரியரையும் கழற்றி மிச்சப்படுத்துவது அதிலும் சொற்பம்.

முட்டியைப் பதம் பார்ப்பது பல் கணக்கு. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44, பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் (ப்ரீவீல்) 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஏரிக்கரையில் சுகம், ஏற்றத்தில் நரகம். ப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் கொஞ்சம் இலகுவாகும். அந்தத் தைரியத்தில் ஏற்காட்டு மலை ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஏறுவதாவது பரவாயில்லை, முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போதுதான் வம்பு. இந்த வண்டிகளில் பிரேக் கம்பி மேலே இழுக்க, கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும்; முழுசாக அழுத்திய பிறகும் வண்டி பாட்டுக்குப் போகும். புதுக் கட்டை போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். ரிம்மில் கோட்டம் இருந்தால் கட்டை ஓரிடத்தில் உரசும், இன்னோர் இடத்தில் தொடவே தொடாது. முதலில் கோட்டம் எடுங்கள், அப்புறம் கட்டையை மாற்றுங்கள். மழை நாளில் மலை இறக்கம் என் கணக்கில் வேண்டவே வேண்டாம்.

டயர் வாங்கும்போதும் ஒரு பொறி உண்டு. இந்தக் காலத்து 700சி அளவு டயரும் 28 இஞ்ச் என்ற பேரில் வரும்; அதை நம்பி 700சி சரளை டயரை வாங்கி வருவார்கள். ரிம்மில் உட்காரும் அதன் உள்விளிம்பின் விட்டம் 622 மி.மீ.; நம் பழைய 28 x 1½ ரிம்முக்கு வேண்டியது 635. எவ்வளவு நெம்பினாலும் உட்காராது.

காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள், சரளையில் துள்ளும். ரொம்பக் குறைத்தாலோ கல்லில் ரிம் இடித்து டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் பெடல் மாட்டியிருக்கும் தண்டை (கிராங்க்) நடு அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைப் பாருங்கள். லூசான பின்னோடு வீடு வரை ஓட்டினால் பின் தேயும், அச்சும் கெடும். ஒரு ஸ்பேனர் பையில் இருக்கட்டும்.