விளக்கை மட்டும் பார்த்து ஃபாயில் பார்க்காதீர்கள்

2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் பவானி தேவி களமிறங்கியபோதுதான் நம் ஊரில் பலர் வாள்வீச்சை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார்கள். துனீசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் ப்ருனேவிடம் 7-15 என்று தோற்றார். அது சேபர், வாள்வீச்சின் மூன்று ஆயுதங்களில் ஒன்று. அதற்கு முந்தைய நாள் அதே அரங்கில் அமெரிக்காவின் லீ கீஃபர், ரஷ்ய வீராங்கனை இன்னா டெரிக்லசோவாவை 15-13 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது இன்னொரு ஆயுதமான ஃபாயிலில். முகமூடி, வெள்ளை உடை, நீண்ட மேடை எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சேபர் பார்த்துப் பழகிய கண்ணோடு ஃபாயிலுக்கு வந்தால், ஐந்தே நிமிடத்தில் நடுவர் மேல் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். விளக்கு எரிந்தால் புள்ளி என்று நினைத்துக்கொள்கிறோம். ஃபாயிலில் விளக்கு சொல்வது யாருடைய முனை எங்கே பட்டது என்பதை மட்டும்தான். புள்ளி யாருக்கு என்பதை நடுவர் சொல்வார். பார்வையாளர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

வெள்ளை விளக்கை அலட்சியம் செய்வது

ஃபாயிலில் உடற்பகுதி மட்டுமே இலக்கு. மார்பு, வயிறு, முதுகு, அப்புறம் முகமூடியிலிருந்து கழுத்தை மூடித் தொங்கும் துணியின் கீழ்ப்பகுதி. கை, கால், தலை கணக்கில் வராது. இலக்கை மட்டும் மூடும்படி மின்சாரம் கடத்தும் மேலங்கி ஒன்றை அணிகிறார்கள். அதற்கு லாமே என்று பெயர். முனை லாமேயில் பட்டால் சிவப்பு அல்லது பச்சை எரியும். வேறு எங்காவது பட்டால் வெள்ளை.

சேபரில் இடுப்புக்குக் கீழே பட்டால் கருவி கண்டுகொள்ளாது, ஆட்டம் தொடரும். ஃபாயிலில் அப்படியில்லை. வெள்ளை விளக்கு எரிந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் தாக்குகிறார், முனை எதிராளியின் கையில் படுகிறது: வெள்ளை. அதே நேரத்தில் எதிராளி முனையை நீட்ட, அது இவர் மார்பில் படுகிறது: நிறவிளக்கு. புதிதாகப் பார்ப்பவர் உடனே எதிராளிக்குப் புள்ளி என்று எழுதிவிடுவார். கிடையாது. முதலில் தாக்கத் தொடங்கியதால் தாக்கும் உரிமை முதலாமவரிடம் இருந்தது. அவருடைய தாக்குதல் இலக்குக்கு வெளியே விழுந்தது. அதனால் அதற்கு எதிரான குத்து செல்லாது. யாருக்கும் புள்ளி இல்லை, மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இரண்டு நிறவிளக்கும் எரிந்தால் 'சமம்' என்று முடிவுகட்டுவது

ஒருவர் முனை பட்ட பிறகு மற்றவருக்குக் கருவி தரும் அவகாசம் 300 மில்லிநொடி. நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இரண்டு பேரும் குத்திக்கொள்ள அது தாராளமாகப் போதும். மூன்றாவது ஆயுதமான எப்பேயில் இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்கும் புள்ளி. ஃபாயிலில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அல்லது யாருக்கும் கிடைக்காது. யாருக்கு என்பதை அந்தத் தாக்கும் உரிமைதான் தீர்மானிக்கிறது.

விதி எளிமையானதுதான். கையை நீட்டி, முனையை இலக்கை நோக்கி வைத்து, யார் முதலில் தாக்கத் தொடங்கினாரோ அவருக்கு உரிமை. அவருடைய வாளை எதிராளி தட்டித் தடுத்துவிட்டால், அதாவது பாரி செய்துவிட்டால், உரிமை கைமாறுகிறது. உடனே திருப்பிக் குத்துவது ரிப்போஸ்ட். அதையும் தடுத்தால் மறுபடி கைமாறும். தாக்குதல் எதிராளி மேல் எங்குமே படாமல் போனாலும் உரிமை போய்விடும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடப்பதுதான் தொல்லை.

முன்னால் ஓடிவருபவர்தான் தாக்குகிறார் என்று நினைப்பது இங்கே வரும் அடுத்த தவறு. கால் முன்னே போவது மட்டும் தாக்குதல் ஆகாது, கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கி வாளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருபவர் இன்னும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து எதிராளி நறுக்கென்று கையை நீட்டிக் குத்தினால் உரிமை அவருக்குப் போகலாம். போகலாம் என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நடைமுறையில் முன்னேறி வருபவருக்கு நடுவர்கள் கொஞ்சம் சலுகை தருவதுண்டு. எந்த அளவுக்கு என்பதில் நடுவருக்கு நடுவர் வேறுபாடு இருக்கிறது. ஃபாயிலின் தீராத சண்டை இது, விதிப்புத்தகத்தால் மட்டும் தீராது.

தட்டல் விவகாரமும் அப்படியே. இரண்டு வாளும் உரசுகிற சத்தம் கேட்கிறது. தாக்கியவர் எதிராளியின் வாளைத் தட்டிவிட்டுக் குத்தினாரா, எதிராளி தடுத்துவிட்டுக் குத்தினாரா? விளக்கு, சத்தம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். முடிவு மட்டும் நேர் எதிர். வீடியோ முறையீடுகளில் பல இதைப் பற்றியவைதான். நாக்அவுட் ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறையீடுகள் உண்டு. சரியாகக் கேட்டிருந்தால் அது கையிலேயே இருக்கும், தவறாகக் கேட்டால் போய்விடும். கிரிக்கெட்டின் டிஆர்எஸ் போலத்தான். அந்த மறு ஒளிபரப்பைத் தவறவிடாதீர்கள். மெதுவாக ஓடும்போது முனையை விட்டுவிட்டு முழங்கையைப் பாருங்கள். நாலு முறை அப்படிப் பார்த்தால் நடுவரின் கைச்சைகை புரிய ஆரம்பித்துவிடும்.

வீராங்கனை போடும் கூச்சலை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். இரண்டு பேருமே முஷ்டியை உயர்த்திக் கத்துவார்கள். பாதி உணர்ச்சி, பாதி நடுவருக்கான விளம்பரம்.

பழைய ஆட்டங்களை இன்றைய அளவுகோலில் பார்ப்பது

2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் வாளைச் சாட்டைபோலச் சுழற்றி எதிராளியின் தோளுக்கு மேலாக முதுகில் தட்டுவதைப் பார்க்கலாம். இன்று அது அரிது. முனை எவ்வளவு நேரம் அழுந்தியிருந்தால் கருவி ஏற்கும் என்ற அளவை 2005 வாக்கில் சில மில்லிநொடிகளிலிருந்து சுமார் 14 மில்லிநொடியாக உயர்த்தினார்கள். லேசாகத் தட்டிவிட்டு வரும் குத்துகள் அதன்பின் எளிதில் பதிவாவதில்லை. அந்தக் காலத்தவர் இப்படித்தான் ஏமாற்றி ஜெயித்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. இத்தாலியின் வாலென்டினா வெட்சாலி 2000, 2004, 2008 என்று தொடர்ந்து மூன்று முறை தனிநபர் தங்கம் வென்றார். மூன்றாவது தங்கம் புதிய விதியில் வந்தது.

நாலு புள்ளி முன்னிலை போதும் என்று எழுந்து போவது

நாக்அவுட் ஆட்டம் 15 புள்ளிக்கு. அல்லது மும்மூன்று நிமிடங்களாக மூன்று சுற்றுகள் முடியும்வரை. 15 வந்தால்தான் முடியும் என்பது பலருடைய நினைப்பு. கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் வெண்கலப் போட்டிதான் இதற்குப் பாடம். தென்கொரியாவின் நாம் ஹ்யுன்-ஹீ 12-8 என்று முன்னிலையில் இருந்தார். மீதி நேரம் அரை நிமிடம்கூட இல்லை. எதிரே 38 வயது வெட்சாலி. அந்த நொடிகளுக்குள் நாலு புள்ளிகளை வரிசையாக எடுத்து 12-12 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் 13-12 என்று பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங் இறுதியிலும் இதே நாம், இதே வெட்சாலியிடம்தான் கடைசி நொடிகளில் 5-6 என்று தோற்றிருந்தார். முன்னிலையில் இருப்பவர் பின்வாங்கிப் பின்வாங்கி நேரத்தைக் கடத்த நினைத்தால் மேடையின் 14 மீட்டரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பின்கோட்டைத் தாண்டி இரண்டு காலும் போனால் எதிராளிக்கு ஒரு புள்ளி.

கூடுதல் நேரம் ஒரே நிமிடம். அது தொடங்கும் முன்பே குலுக்கல் போட்டு ஒருவருக்கு முன்னுரிமை தந்துவிடுவார்கள். யாரும் குத்தாமல் நிமிடம் முடிந்தால் குலுக்கலில் வந்தவரே வெற்றியாளர். இது தெரியாமல் பார்த்தால், ஒருவர் பதறிப்போய்ப் பாய்வதும் மற்றவர் நிதானமாகப் பின்னால் நகர்வதும் புரியாது. அதே லண்டனில் எலிசா டி ஃபிரான்சிஸ்கா, தன் நாட்டின் அரியன்னா எர்ரிகோவை 12-11 என்று வென்று தங்கம் எடுத்ததும் கூடுதல் நேரத்தில்தான்.

நாம் ஹ்யுன்-ஹீயின் உயரம் சுமார் 155 செ.மீ. என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கை நீளமானவர் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுபவர்கள், அவர் ஒலிம்பிக் வெள்ளி வென்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அட்டைகளைத் தண்டனை என்று மட்டும் நினைப்பது

மஞ்சள் அட்டை எச்சரிக்கை. அதன்பின் வரும் சிவப்பு, எதிராளிக்கு நேரடியாக ஒரு புள்ளி. 14-14 இல் கிடைத்தால் ஆட்டமே முடிந்தது. வீராங்கனைகள் இதில் மாட்டுவது பெரும்பாலும் பழக்கதோஷத்தால்: வாள் பிடிக்காத கையால் மார்பை மறைப்பது, எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்புவது, உடலோடு உடல் மோதுவது. வேலை செய்யாத வாளோடு மேடையேறினாலும் மஞ்சள் உண்டு. ஆட்டத்துக்கு முன் நடுவர் வாள்முனையில் 500 கிராம் எடையை வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். முனையின் ஸ்பிரிங் அந்த எடையைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் கட்டாயமான கவசம் ஒன்றும் இருக்கிறது: கெட்டியான மார்புக் காப்பு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் முனை வழுக்கிப்போய் விளக்கு எரியாமல் போவதாகப் புகார் எழுந்ததால், ஃபாயிலில் அதன் வெளிப்புறத்தை மென்மையான நுரைப்பொருளால் மூட வேண்டும் என்று பிறகு விதி வந்தது.

'பெண்களுக்கான லேசான ஆயுதம்' என்பது

ஃபாயில் வாள் 500 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வாள், அதே நீளம், அதே 15 புள்ளி. பிறகு ஏன் இந்தப் பேச்சு? 1924 பாரிஸில் டென்மார்க்கின் எல்லன் ஓசியர் முதல் தங்கம் வென்றதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃபாயில் மட்டுமே இருந்தது. எப்பே 1996 இல்தான் வந்தது, சேபர் 2004 இல். மற்ற இரண்டையும் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு ஃபாயிலைப் பெண்களுக்கு ஏற்றது என்று சொன்னால் எப்படி?

குழுப் போட்டியைத் தனித்தனி ஆட்டங்களாகப் பிரிப்பது

குழுவுக்கு மூன்று பேர், மொத்தம் ஒன்பது ஆட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ஆனால் ஒன்பது ஆட்டத்தில் யார் ஐந்து ஜெயித்தார்கள் என்ற கணக்கு இங்கே செல்லாது. புள்ளிகள் தொடர்ந்து கூடிக்கொண்டே போகும். முதல் ஆட்டம் 5 வரை, இரண்டாவது 10 வரை, இப்படி 45 வரை. முதல் வீராங்கனை 2-5 என்று விட்டுவிட்டு வந்தால், அடுத்தவர் எட்டுப் புள்ளி எடுத்து 10-ஐ எட்டலாம். அதனால் கடைசி ஆட்டம் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2024 பாரிஸில், கிராண்ட் பலே அரங்கில் நடந்த பெண்கள் குழு இறுதியில், அமெரிக்கா இத்தாலியை 45-39 என்று வென்றது. வெண்கலத்துக்காக ஜப்பானும் கனடாவும் மோதியது 33-32 என்று ஜப்பான் பக்கம் முடிந்தது. அந்த வெண்கல ஆட்டத்தில் 45-ஐ யாரும் எட்டவில்லை, அதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

பதக்கப் பட்டியலைப் புரட்டி, 2012 இல் குழுத் தங்கம் எடுத்த இத்தாலிப் பெண்கள் 2016 ரியோவில் குழுப் பதக்கம் ஒன்றுமே வாங்கவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. ரியோவில் பெண்கள் ஃபாயில் குழுப் போட்டியே நடக்கவில்லை. அப்போதெல்லாம் வாள்வீச்சுக்கு ஒதுக்கிய பதக்கப் போட்டிகளின் எண்ணிக்கை போதாமல் குழுப் போட்டிகளைச் சுழற்சி முறையில் விட்டுவிடுவார்கள். மூன்று ஆயுதங்களிலும் ஆண், பெண் இரு பிரிவுக்கும் குழுப் போட்டி ஒரே ஒலிம்பிக்கில் நடந்தது டோக்கியோவில்தான் முதல்முறை.