யாழ்ப்பாணத்திலிருந்து மாலைதீவு: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து மாலைதீவுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ புறப்படுபவர்கள் கட்டுநாயக்கவில் விமானமேறி, மாலே நகருக்கு அருகிலுள்ள ஹுல்ஹுலே தீவின் வேலானா விமான நிலையத்தில் இறங்குவார்கள். இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கையாலேயே கணக்கிடலாம். சாதாரண தரத்தில் படித்த பைதகரசுத் தேற்றம் போதும்.

கட்டுநாயக்க வடக்கு 7.18 பாகையிலும் கிழக்கு 79.88 பாகையிலும், வேலானா வடக்கு 4.19 பாகையிலும் கிழக்கு 73.53 பாகையிலும் அமைந்துள்ளன. அகலக்கோட்டு வித்தியாசமான 2.99 பாகையை, ஒரு பாகைக்கு 60 கடல்மைல் என்ற கணக்கில் பெருக்கினால் ஏறத்தாழ 179 கடல்மைல் வரும். நெடுங்கோட்டு வித்தியாசமான 6.35 பாகைக்கு 381 வரும். ஆனால் மத்திய கோட்டிலிருந்து விலகும்போது நெடுங்கோடுகள் நெருங்குவதால், இவ்விடத்தில் நூற்றுக்கு அரைப் பங்கைக் கழித்து 379 எனக் கொள்ள வேண்டும். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 420 கடல்மைல், அதனை 1.852 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 778 கிலோமீற்றர். மத்திய கோட்டை அண்டிய குறுந்தூரங்களுக்கு மட்டுமே இந்தக் குறுக்குவழி பொருந்தும். லண்டன் போகும் வழிக்கு இதனைப் பயன்படுத்தினால் விடை பிழைத்துவிடும்.

மணிக்கு 830 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஏ320 வகை ஜெட் விமானம் இத்தூரத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் கடக்கும் என்று தோன்றும். ஆயினும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகத்தைத் தணித்து இறங்குவதும் சேர்வதால், ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் என்று கொள்வதே சரியாகும்.

பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த படியிலேதான். மாலைதீவு நேரம் இலங்கை நேரத்துக்கு அரை மணித்தியாலம் பின்னே உள்ளது. பயணச்சீட்டில் அச்சிடப்படுவதோ அந்தந்த நாட்டு நேரம். காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணித்தியாலம் பறக்கும் விமானம் அங்கே 11.00 மணிக்கு இறங்குவதாகவும், திரும்பும்போது நண்பகல் 12.00 மணிக்கு ஏறினால் இங்கே பிற்பகல் 2.00 மணிக்குச் சேர்வதாகவும் சீட்டு காட்டும். போவது ஒரு மணித்தியாலம், வருவது இரண்டு என்று எண்ணி, திரும்பும் விமானம் வேகம் குறைந்தது எனச் சொல்பவர்களும் உண்டு. போகும்போது அரை மணித்தியாலத்தைக் கூட்டி, வரும்போது கழித்தால் இரு பயணங்களும் சமமாகும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இக்கணக்கில் பெரும்பகுதி தரையிலேயே கழிகிறது. பலாலியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீற்றர்தான். எனினும் பேருந்தில் செல்பவர் ஏழெட்டு மணித்தியாலம் வீதியில் இருக்க நேரிடும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதால், காலை 10.00 மணி விமானத்துக்கு முந்திய இரவு 10.00 மணிக்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவது நல்லது.

மறுமுனையில், 2018 இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக மாலே நகரை வாகனத்தில் சில நிமிடங்களில் அடையலாம். தொலைவான தீவுகளுக்குச் செல்லும் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், அவ்வாறு செல்பவர்கள் காலை விமானத்தையே தெரிவுசெய்ய வேண்டும். மாலையில் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ அருகிலோ தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.