கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பியுங்கள்

போன மாதம்தான் ஊற்றினேன், அதற்குள் கூலன்ட் டேங்கில் 'மின்' (MIN, குறைந்தபட்ச அளவு) என்று போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை கூலன்ட், கார் இன்ஜின் சூட்டைத் தணிக்க மூடிய சுற்றுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் திரவம். நான் முதன்முதலில் இந்த வேலையில் இறங்கியபோது ரேடியேட்டருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததுமே ரேடியேட்டர் போச்சு என்று முடிவுகட்டி, ஒரு நாள் முழுக்க மல்லாடி அதை மாற்றினேன். மறுவாரமே அதே இடத்தில் ஈரம். மேல் ஹோஸில் (ரப்பர் குழாயில்) இருந்த பழைய கிளாம்பின் (இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின்) பிடி விட்டுப்போய், அங்கிருந்து வழிந்தது ரேடியேட்டரின் பக்கவாட்டில் இறங்கிச் சொட்டியிருக்கிறது. சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. அதனால் இதில் பாதிக்கு மேல் தேடுவதைப் பற்றித்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியிலோ கூலன்ட் டேங்க் மூடியிலோ கை வைக்காதீர்கள். உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மூடி திறந்த நொடியில் எல்லாம் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள்.

முதல் வேலை: அது கூலன்ட்தானா?

ஏசி போட்டு ஓட்டினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது வழக்கம், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். பச்சையோ சிவப்போ நீலமோ ஒட்டி, விரலில் வழுவழுவென்று இருந்து, லேசாக இனிப்பு வாடையும் வந்தால் கூலன்ட்தான். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். அந்த இனிப்புக்காகவே நாயும் பூனையும் நக்கிவிடும், சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்ப்பது

ஈரத்தை மட்டும் தேடினால் பாதி கசிவு கண்ணில் படாது, ஏனென்றால் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், காய்ந்த படிவம்தான் மிஞ்சும். ஹோஸ் நுனியைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு வளையம் தெரிந்தால் ஆள் அகப்பட்டான். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் மூடி, கூலன்ட் டேங்கின் அடிப்பக்கத் தையல் எல்லாவற்றையும் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் வடியும். அங்கிருந்து ஒழுக்கு இருந்தால் பம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரம் கண்டால் கீழிருந்து மேலாகத் தடம் பிடித்துப் போங்கள். ஆக மேலே நனைந்திருக்கும் இடம்தான் சந்தேகத்துக்குரியது.

கண்ணுக்குத் தெரியவில்லையா? பிரஷர் டெஸ்டர் என்று கைப்பம்பு ஒன்று இருக்கிறது, வாடகைக்கோ இரவலோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடித்துவிட்டு ஒரு கால் மணி நேரம் காத்திருந்தால் அதன் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா, எங்கே பீறிடுகிறது என்று தெரிந்துவிடும்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் கசிவு உள்ளே. முன்சீட்டுக் கார்பெட் ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான புகைமூட்டம் என்றால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தாலோ, வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட்டாக (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், இது முதல்முறை செய்பவருக்கான வேலை இல்லை.

ஹோஸ் மாற்றுவது

பெரும்பாலும் ஹோஸோ கிளாம்போதான் காரணமாக இருக்கும், அது நாமே செய்யக்கூடியது. அடியில் அகலமான பாத்திரம் வைத்து, ஹோஸின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்ட்டை வடித்துக்கொள்ளுங்கள். கிளாம்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், முதலில் முறுக்குங்கள். ஹோஸ் மாட்டியிருக்கும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து பழசானால் பட்டென்று ஒடியும். அப்படியும் அசையாவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம், எப்படியும் தூக்கிப் போடப்போவதுதானே. கழுத்தில் ஒட்டியிருக்கும் படிவத்தை நன்றாகத் துடைத்து, புது ஹோஸை கடைசி வரை ஏற்றுங்கள். கழுத்தின் நுனியில் சற்றுத் தூக்கலாக ஒரு மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே இறுக்கினால் மறுபடி ஒழுகும். ரப்பர் பிதுங்குகிற அளவுக்கு இறுக்குவதும் தப்பு.

ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். நடுவழியில் நின்றால் சரி, மற்றபடி வேண்டாம். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடலாம்.

திரும்ப நிரப்புவது

மேனுவலில் சொல்லியிருக்கும் வகையையே வாங்குங்கள், நிறத்தை நம்பாதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் இருக்கும். அடர் கூலன்ட் என்றால் வழக்கமாகப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து காற்று போனதும் மூடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள், டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். சிக்கியிருந்த காற்று வெளியே வரவர மட்டம் இறங்கும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் 'மின்', 'மேக்ஸ்' நடுவே நிரப்பி, அந்த மட்டத்தில் டேங்கின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அட்டை காய்ந்தே இருந்து, இன்ஜின் ஆறிய நேரத்தில் கூலன்ட் கோட்டிலேயே நின்றால் பாத்திரத்தைக் கழுவி உள்ளே வைத்துவிடலாம்.