தாய்ப்பாலில் சோப்பு வாடையா? கொட்டிவிடாதீர்கள்

வேலைக்குப் போகும் தாய் காலையில் பீய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பாலை, மாலையில் பாட்டி எடுத்துத் திறக்கிறார். குப்பென்று சோப்பு வாடை. கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அப்படியே தொட்டியில் கொட்டிவிடுகிறார். தாய்ப்பாலின் வாடையைப் பற்றிய தவறுகளில் அதிக நஷ்டம் தருவது இதுதான்.

தாய்ப்பாலில் லிபேஸ் என்ற நொதி உண்டு. குழந்தைக்குக் கொழுப்பு செரிக்க உதவுவது அதன் வேலை. பீய்ச்சி வைத்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. குளிரிலும் மெல்லக் கொழுப்பை உடைக்கிறது. அப்போது பிரியும் கொழுப்பு அமிலங்களால்தான் அந்த வாடை. சிலருடைய பாலில் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், சிலருக்குப் பல நாள் ஆகும். குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்பதும் இயல்பே. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சுழற்றியும் கலக்காமல் திரிதிரியாக நின்று, புளித்த நாற்றமும் அடித்தால் அது கெட்ட பால்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? வாடை வந்த பாலைக் காய்ச்சுவது வீண் வேலை. பீய்ச்சிய உடனே சூடாக்க வேண்டும்: பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழ்கள் எழும்போது, அதாவது சுமார் 82 டிகிரி செல்சியஸில், கொதிக்க விடாமல் இறக்கிக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிப் பிறகு சேமிக்கலாம். ஆனால் சூட்டில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் ஓரளவு போய்விடும். அதனால் குழந்தை மறுத்தால் மட்டுமே இந்த வேலை. பழைய எண்ணெய்போல் காறல் வாடை வந்தால் கதை வேறு. அது ஆக்சிஜனேற்றம், சூடாக்கினால் அதிகமாகும். தாய் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறாரா, குடிக்கும் நீரில் இரும்புச்சத்து மிகுதியா என்று பாருங்கள்.

அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பதை அப்படியே நம்ம ஊர் மே மாதத்துக்குப் பொருத்துவதும் தவறு. அந்தக் கணக்கு 25 டிகிரி வரைதான். குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால். உறைய வைத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளகவிட்டால், முழுதும் இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் உறைய வைக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. பிரசவித்த பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும் கொடுப்பது நம் வழக்கம். பூண்டு சாப்பிட்டால் பாலில் நாறும், குழந்தை குடிக்காது என்று தடுப்பவர்களும் உண்டு. நாறுவது உண்மைதான். அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு மாத்திரை எடுத்துச் சுமார் 2 மணி நேரத்தில் பாலில் அதன் மணம் உச்சத்தில் இருந்தது. குழந்தைகளோ வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பிலேயே இருந்தன! வெந்தயமும் அப்படித்தான்: நிறையச் சாப்பிட்டால் தாயின் வியர்வையிலும் குழந்தையின் மேலும் மணக்கும், பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மேலே பவுடர், சென்ட் என்று பூசுவதும் சுத்தம் என்ற பெயரில் செய்யும் வேண்டாத வேலை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்தவுடன் தாயின் ஒரு மார்பைக் கழுவியும் மற்றதைக் கழுவாமலும் விட்டபோது, 30 குழந்தைகளில் 22 கழுவாத மார்பைத்தான் நாடின. குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே போதும்.

ஒரு பக்கத்துப் பாலை மட்டும் குழந்தை திடீரென்று மறுத்தால் வாடையை விட்டுவிட்டு மார்பைத் தொட்டுப் பாருங்கள். கட்டி, சிவப்பு, சூடு, காய்ச்சல் இருந்தால் மார்பழற்சியாக இருக்கலாம்; அப்போது உப்பு கூடிப் பாலின் சுவையே மாறும். உடனே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். குழந்தை குடிக்காவிட்டால் பீய்ச்சியாவது எடுத்துவிடுங்கள்.